எர்லீன் வீட்டு ஜன்னல்

கார்லைல் தெருவில் இடிப்பதற்கென்று குறித்திருந்த வீட்டைப் பார்க்கப் போனபோது அதன் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகல். அந்த வீட்டுக்கு மின்சாரத்தைத் துண்டித்து வருடக்கணக்காகிறது என்று எங்கள் அலுவலக விவரம் சொன்னது. காரை விட்டு இறங்கி நின்று பார்த்தேன். முன்பக்கத்துப் புல் ஒட்ட வெட்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் வெளிப்பக்கம் துடைத்துப் பளபளத்தன. வேலியோரத்து லைலாக் செடியை யாரோ அளவாகக் கத்தரித்து விட்டிருந்தார்கள். தெருவின் மற்ற காலி வீடுகள் எல்லாம் கதவு போய், கூரை தொங்கி, வாய் பிளந்து நின்றன. இது மட்டும் யாரோ கடைக்குப் போயிருக்கிறார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்பதுபோல் இருந்தது.

நான் சாகினா நகரத்தின் நில வங்கியில் வேலை பார்க்கிறேன். வார்ப்பட ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபின் ஊரில் பாதிப் பேர் கிளம்பிப் போய்விட்டார்கள். விட்டுப்போன வீடுகளுக்கு வரி கட்ட நாதியில்லை. மாவட்டம் அவற்றைப் பிடித்து ஏலம் விடும். ஏலத்திலும் யாரும் சீண்டாதவை எங்களிடம் வந்து சேரும். தேறுகிற வீட்டைப் பழுது பார்க்கிறவர்களுக்கு விற்போம். தேறாததை இடித்து, மனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொற்ப விலைக்குக் கொடுத்துவிடுவோம். இத்தனை காலத்தில் எத்தனையோ காலி வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறேன். விளக்கு எரிந்த வீடு அது ஒன்றுதான்.

விளக்கிலிருந்து ஒரு வயர் கிளம்பி, சுவரோடு ஓடி, இரண்டு வீடுகளுக்கும் நடுவே கார் போகிற சந்தைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போயிற்று. அதை நான் கண்ணால் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே அந்த வீட்டின் கதவு திறந்தது.

"யாரும்மா நீங்க? அங்க என்ன வேணும்?"

உயரமான மனிதர். அறுபது தாண்டியிருக்கும். கறுத்த முகத்தில் நரைத்த மீசை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஒரு கையில் முட்டை திருப்புகிற கரண்டி.

"நில வங்கியிலேர்ந்து வர்றேன் சார். பேரு ரெனாட்டா. இது ஆளில்லாத வீடுன்னு..."

"ஆளில்லாத வீடுதான். அதுக்காக ஏன் சுத்திச் சுத்திப் பாக்கறீங்க?"

"இந்த லைட்டு?"

"நான்தான் போட்டேன். லைட்டு எரிஞ்சா திருடன் வரமாட்டான்."

"வந்திருக்கானே சார். செம்புக் குழாயெல்லாம் போயிடுச்சுன்னு எங்க ஆளுங்க சொன்னாங்க."

அவர் முகம் சுருங்கியது. "அது லைட்டு போடறதுக்கு முந்தி. அப்ப நான் முழங்கால் ஆபரேஷன்னு ஆஸ்பத்திரியில கிடந்தேன். நான் வீட்ல இருந்திருந்தா ஒரு பய உள்ள நுழைஞ்சிருப்பானா?"

பிறகு என் கையிலிருந்த கேமராவைப் பார்த்தார். அதைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இடிக்கப் போறீங்களா?"

"பட்டியல்ல இருக்கு சார். அடுத்த வருஷம் வசந்தத்துக்குள்ள."

உள்ளே சட்டியில் முட்டை தீய்கிற வாடை வந்தது. நான்தான் சொன்னேன். அவர் போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வரவில்லை.

அடுத்த வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட கோட்டு, மழிக்கப்பட்ட முகம், கல்யாணத்துக்கு வந்தவர்போல். வார்டெல் கெய்ன்ஸ் என்று பெயர் சொன்னார். ஆயுசு முழுக்க நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி இளம் வயதிலேயே டெட்ராயிட்டுக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டாள். பிள்ளைகள் இல்லை.

"அந்த வீட்ட நான் வாங்கிக்கறேன்" என்றார்.

நான் என் வழக்கப்படி உள்ளதைச் சொன்னேன். கூரை ஒழுகுகிறது. குழாய் கிடையாது. வீட்டைச் சூடாக்கும் உலையைத் திருடன் கழற்றிக்கொண்டு போய்விட்டான். வாங்குகிறவர் ஒரு வருடத்துக்குள் எல்லாவற்றையும் சரிசெய்து, குடியிருக்கத் தக்கதாக ஆக்கி, யாராவது அதில் வாழ வேண்டும். இல்லையென்றால் வீடு திரும்ப எங்களுக்கே வந்துவிடும்.

"கொஞ்சம் பொறுத்தீங்கன்னா சார், நாங்களே இடிச்சுடுவோம். மனைய உங்களுக்கே கொடுத்துடுவோம். விலைன்னு ஒண்ணும் பெரிசா இருக்காது. உங்க வீட்டோட சேத்து வேலி போட்டு, தோட்டம் வைக்கலாம், கார் நிறுத்தலாம். உங்க தெருவுல ரெண்டு மூணு பேர் அப்படித்தான் பண்ணியிருக்காங்க."

"வெறும் மனைய வாங்கி நான் என்னம்மா பண்றது? எனக்கு அந்த ஜன்னல் நிக்கணும்."

"எந்த ஜன்னல்?"

அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "சமையக்கட்டு ஜன்னல்" என்றார் கடைசியில். அதற்குமேல் அன்று எதுவும் சொல்லவில்லை. மீதியை அந்தக் குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னது பாதி, அவருடைய நண்பர் டாலிவர் சொன்னது பாதி.

அந்த இரண்டு வீடுகளையும் கட்டியவன் ஒரே அச்சில் வார்த்ததுபோல் கட்டியிருந்தான். ஒன்றை அப்படியே திருப்பிப் போட்டால் மற்றது. அதனால் சமையலறைகள் இரண்டும் சந்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக எதிரெதிரே அமைந்துவிட்டன. இந்த வீட்டில் பாத்திரம் கழுவுகிறவரும் அந்த வீட்டில் பாத்திரம் கழுவுகிறவரும் முகம் பார்த்துத்தான் நிற்க வேண்டும்.

அந்த வீட்டில் பாத்திரம் கழுவியவள் எர்லீன் ப்ரூயிட். பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்தவள். கணவன் லமார் வார்ப்பட ஆலையில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு வீட்டோடு கிடந்தான். அவன் போனபின் அவளுடைய தாய் படுக்கையில் விழுந்தாள். எர்லீன் வெளியே போவதே குறைந்துபோயிற்று. வெளி உலகம் என்று அவளுக்கு இருந்தது அந்த ஜன்னல்தான், ஜன்னலுக்கு எதிரே இருந்தது வார்டெல்.

காலையில் அவர் பேருந்து எடுக்கப் போகுமுன் முட்டை பொரிப்பார். அவள் காபி போடுவாள். கோடையில் இரண்டு ஜன்னல்களும் திறந்திருக்கும்.

"வார்டெல், இன்னிக்கும் தீயவிட்டுட்டியா? எனக்கு இங்க கண்ணு எரியுது."

"தீஞ்சாத்தான் ருசி. உனக்கு என்ன தெரியும்?"

"உன் நாக்க அறுத்து நாய்க்குப் போட்டாக்கூட அது மோந்து பாத்துட்டுப் போயிடும்."

இப்படித்தான் அவர்கள் பேச்சு. மழை, பேஸ்பால், பேருந்தில் ஏறிய குடிகாரன், தாய் ராத்திரி தூங்காமல் படுத்திய பாடு. குளிர்காலத்தில் ஜன்னலைச் சாத்தியபின் சைகை. அவள் தட்டை உயர்த்திக் காட்டினால் இன்றைக்கு நல்ல சாப்பாடு என்று அர்த்தம். தலையில் கை வைத்தால் தாய்க்கு முடியவில்லை. சாயங்காலம் அவர் வேலை முடிந்து வரும்போது அவள் சமையலறை விளக்கு எரிந்தால் அவருக்கு வீடு வந்து சேர்ந்ததுபோல் இருக்கும்.

இத்தனை வருடத்தில் ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் கால் வைத்ததில்லை. லமாரின் சாவுக்கு அவர் போனது தேவாலயத்துக்குத்தான். தாயின் சாவுக்கும் அப்படியே.

தாய் போன மறு வருடம், தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த எர்லீனின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மகள் ராணுவத்தில் நர்ஸ். எர்லீன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மேக்கன் நகரத்துக்குப் போனாள். "பனி விழறதுக்குள்ள வந்துடறேன், லைலாக்குக்குத் தண்ணி ஊத்து" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள். பனி விழுந்தது, உருகியது. மறுபடி விழுந்தது. முதல் குழந்தைக்குப் பின் இரண்டாவது பிறந்தது. கிறிஸ்துமஸுக்கும் பிறந்த நாளுக்கும் போன் பேசுவாள். வீடு இன்னமும் அவளுடைய தாயின் பெயரில்தான் இருந்தது. அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மாநிலத்தில். யாரும் வரி கட்டவில்லை. வீடு கைமாறியது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். போனில் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

"பாவம், பணம் இல்ல அவகிட்ட" என்றார் வார்டெல் என்னிடம். "கேக்கவும் கூச்சம். அந்த மாதிரி பொம்பள அவ."

எங்கள் குழு அவருக்கு வீட்டை விற்க ஒப்புக்கொண்டது. சாவியைக் கொடுக்க நான்தான் போனேன். பூட்டைத் திறந்ததும் ஈர வாடையும் எலிப் புழுக்கையின் நாற்றமும் முகத்தில் அடித்தன. அவர் கூடத்தில் நிற்கவில்லை, படுக்கையறைகளைப் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குப் போனார். கழுவுதொட்டியைக்கூடத் திருடன் பிடுங்கிப் போயிருந்தான். ஈரத்தில் வர்ணமெல்லாம் உரிந்துபோன சுவரில் சதுரமாக ஒரு கறைதான் மிச்சம். அந்தக் கறைக்கு முன்னால் நின்று, எர்லீன் நின்ற இடத்தில் நின்று, தன் வீட்டைப் பார்த்தார்.

எதிரே அவருடைய ஜன்னல். அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய திரை, அலமாரியில் காய்ந்த ஒரு தொட்டிச் செடி, ஒரேயொரு நாற்காலி.

"இதையா அவ தினமும் பாத்துட்டிருந்தா?" என்றார் மெதுவாக. "அட கடவுளே. ஒரு திரைய மாத்தக்கூட எனக்குத் தோணலயே."

குளிர்காலம் முழுக்க வேலை நடந்தது. டாலிவர் பேருந்து டிப்போவில் அவரோடு இருந்தவர், குழாய் வேலை தெரிந்தவர். வாய் ஓயாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்க்கப் போவது என் கடமை. நான் அதைவிட அடிக்கடி போனேன். அந்த வீட்டில் சூடான காபியும் பக்கத்து ஏரியின் வளைகுடாவில் பிடித்த மீன் வறுவலும் எப்போதும் கிடைத்தன.

"வாங்க ரெனாட்டா மேடம்" என்பார் டாலிவர், குழாய்க்கு அடியிலிருந்து தலையை நீட்டி. "இந்தக் கெழவன எந்தப் பட்டியல்லயாவது சேத்துக்குங்க. கூரை ஒழுகுது, உள்ள உலை எரியல, இடிச்சுடலாம்."

"உன் வேலையப் பாருடா" என்பார் வார்டெல்.

"பாத்துட்டுத்தான் இருக்கேன். யாருக்குக் குழாய் போடறேன்னுதான் தெரியல. அவகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, எனக்காக வர்ற மாதிரி ஆயிடும். கடன்பட்ட மாதிரி நெனச்சுப்பா. வீடு தயாரா இருக்கணும். அப்புறம் அவளா வரணும்."

"அவளுக்குத் தெரியாம அவளா எப்படிடா வருவா? மேடம், நீங்களே சொல்லுங்க, இவனுக்கு மண்டைல ஏதாவது இருக்கா?"

நான் மீனை மென்றுகொண்டே தப்பித்துக்கொண்டேன். டாலிவர் பக்கம்தான் நியாயம். ஆனாலும் வார்டெல் அந்தச் சமையலறைச் சுவருக்கு வர்ணம் அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். கடையிலிருந்து மஞ்சள் வர்ண அட்டைகளைக் கத்தையாக வாங்கி வந்து, தன் வீட்டுக்குப் போய், தன் ஜன்னலில் நின்று, டாலிவரை எதிரே நிறுத்தி ஒவ்வொன்றாகப் பிடிக்கச் சொன்னார். "இது இல்ல. இன்னும் கொஞ்சம் வெளிறி இருக்கும். வெண்ணெய் மாதிரி." சரியான மஞ்சள் அகப்பட்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் யாரும் அவரிடம் நியாயம் பேசியிருக்க மாட்டார்கள்.

மே மாதம் வீட்டு வேலை முடிந்தது. லைலாக் பூத்திருந்தது. வார்டெல் போனை எடுத்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்டேன்.

"வீடு இருக்கு, வந்து பாருன்னு சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'என்ன வார்டெல் பண்ணி வச்சிருக்கே?'ன்னா. வர்றேன்னு சொல்லியிருக்கா."

வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போட நான் போன அன்றுதான் அவளும் வந்தாள். வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன் என்று டாலிவர் இன்றைக்கும் கேலி செய்கிறார். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

எர்லீன் குள்ளமான, உருண்ட தோள்களுள்ள பெண். நீலப் பூப்போட்ட சட்டை. வார்டெல் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். அவள் கூடத்தைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள், புதுத் தரையைக் காலால் அழுத்திப் பார்த்தாள். சமையலறை வாசலில் வந்து நின்றதும் சட்டென்று சிரித்துவிட்டாள்.

"மஞ்சளா?"

"அப்படியேதானே இருந்துது?" என்றார் வார்டெல்.

"பச்ச, வார்டெல். வெளிர் பச்ச. எங்கம்மா அடிச்சது. நீ விடியறதுக்கு முந்தியும் பொழுது சாஞ்சப்புறமும்தானே பாப்பே, ரெண்டு நேரமும் நான் பல்பு போட்டிருப்பேன். பல்பு வெளிச்சத்துல மஞ்சளாத் தெரிஞ்சிருக்கு உனக்கு."

அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அது சிரிப்பாக இல்லை. நான் பின்கட்டு வழியாக வெளியே வந்து சந்தில் நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. நகர்ந்து போயிருக்கலாம். போகவில்லை.

"நீ திரும்பி வருவேன்னுதான்..." என்று வார்டெல் தொடங்கினார்.

"இந்த வீட்டுக்கா? வரிக்குப் பணமில்லாம வீடு போச்சுன்னு நெனச்சியா? எங்கண்ணன் நான் கட்டறேன்னுதான் சொன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். லமார் இந்தக் கூடத்துல மூச்சு விட முடியாம கிடந்து போனாரு. எங்கம்மா மேல ரூம்ல வருஷக்கணக்கா என் பேர மறந்துட்டுக் கிடந்து போனா. நான் அவங்க ரெண்டு பேருக்கும் கழுவிக் கழுவி என் கை தோலே போச்சு. வீடு போயிடுச்சுன்னு சேதி வந்தன்னிக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன்."

"எனக்கு அது தெரியாதே, எர்லீன்."

"கேட்டாத்தானே தெரியும்?"

தெருக்கோடியில் யாரோ நாயைக் கூப்பிட்டார்கள்.

"உன் வீட்டுக்கு ஒரு வாசல் இருக்கில்ல?" என்றாள் அவள். குரல் தணிந்திருந்தது. "அதுல ஒரு கதவும் இருக்கு. அத்தன வருஷத்துல ஒரு நாள், 'எர்லீன், இந்தப் பக்கம் வந்து ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போ'ன்னு கூப்பிட்டிருக்கியா?"

"லமார் இருந்தாரு..."

"லமார் போனப்புறம்?"

"உங்கம்மா..."

"எங்கம்மா போனப்புறம் ஒரு குளிர்காலம் முழுக்க நான் இந்த வீட்ல ஒத்தையாத்தான் இருந்தேன். தினமும் பாத்திரத்தக் கழுவிட்டு, கழுவின பாத்திரத்தயே திரும்பக் கழுவிட்டு, இங்கயே நின்னேன். நீ மழையப் பத்திப் பேசினே. பேஸ்பாலப் பத்திப் பேசினே. பொண்ணு கூப்பிட்டா, நான் போயிட்டேன். நீ கூப்பிட்டிருந்தா போயிருப்பேனான்னு எனக்கே தெரியல. ஆனா யோசிச்சிருப்பேன்."

"பயமா இருந்துது" என்றார் வார்டெல். "இருக்கறதும் போயிடுமோன்னு."

"எனக்குந்தான் பயமா இருந்துது. ஒரு வீட்டயே தூக்கி நிறுத்தியிருக்கே நீ. கூரை போட்டு, குழாய் போட்டு. ஒரு வார்த்தை சொல்றதுக்கு அவ்வளவு கஷ்டமா?"

அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அதற்குமேல் அங்கே நிற்க எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. காரில் போய் உட்கார்ந்து, வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போட்டேன். பேனா ஓடாமல் இரண்டு தரம் உதற வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் இருவரும் வெளியே வந்தார்கள். சந்தைக் கடந்து வார்டெல் வீட்டு வாசலுக்குப் போனார்கள். அவர் முன்னால் ஓடிக் கதவைத் திறந்தார். உள்ளே போகுமுன் அவள் கால்மிதியில் செருப்பை நன்றாகத் துடைத்தாள், முதல் தடவை வருகிற விருந்தாளிபோல.

அவள் அந்த வாரம் முழுக்க ஊரில் இருந்தாள், சித்தி மகள் வீட்டில் தங்கினாள். தினமும் காலையில் வார்டெல் போய்க் கூட்டிவருவார். அவருடைய அடுப்பில் அவள் முட்டை பொரித்தாள். ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் அவர் ஒருவழியாகக் கேட்டுவிட்டார், இங்கேயே இருந்துவிடு என்று. முடியாது என்றாள். பேரப்பிள்ளைகள் இரண்டும் அவளைத்தான் அம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. மகள் பாதி வருடம் வெளிநாட்டில். அங்கே தேவாலயத்தில் பாடுகிறாள், வாசலில் ஒரு பீச் பழ மரம் வைத்திருக்கிறாள். எலும்புக்கு வெயில் சுகமாக இருக்கிறது. இந்தத் தெருவில் ஒவ்வொரு வீடாகக் காணாமல் போவதை இன்னொரு தரம் உட்கார்ந்து பார்க்க அவளால் ஆகாது.

"நீ வாயேன்" என்றாளாம்.

"நான் பக்கத்து மாநிலத்து டொலிடோவத் தாண்டித் தெற்கே போனதே இல்ல" என்றாராம் இவர்.

விமான நிலையத்துக்கு அவர்தான் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் அவள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள் என்றும், அதனால் கடைசி வரை ஒரு கையாலேயே கார் ஓட்டினார் என்றும் டாலிவர் சொன்னார். பேருந்து ஓட்டிய காலத்தில் அப்படி ஓட்டியிருந்தால் வேலை போயிருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

வீட்டை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. யாராவது குடியிருந்தே ஆக வேண்டும், அது எங்கள் விதி. டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் நடீன் என்ற பெண் வாடகை வீட்டில் தாயோடு கஷ்டப்படுவதை டாலிவர் சொன்னார். வார்டெல் தான் போட்ட செலவுக்கே வீட்டை அவளுக்கு விற்றுவிட்டார். பத்திரம் மாறிய அன்று அவருடைய முகத்தைப் பார்க்கத் தயங்கிக்கொண்டேதான் போனேன். ஆனால் அவர் நடீனின் தாய்க்கு உலையை எப்படிப் பற்றவைப்பது என்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். குடிவந்த மறுநாளே அவர்கள் சமையலறையில் கெட்டியான திரை போட்டுவிட்டார்கள்.

அந்தக் கோடையில் வார்டெல் இளைத்துப்போனார். புல் வெட்ட வேறு வீடு இல்லை. என் அலுவலகப் பக்கம் வந்தால் உட்கார்ந்துவிட்டுப் போவார். காலி மனைகளின் வரைபடத்தைச் சுவரில் பார்த்துக்கொண்டிருப்பார்.

"முன்னயெல்லாம் அவ தூரத்துல இருந்தா, வீடு பக்கத்துல இருந்துது" என்றார் ஒருநாள். "அதுக்குத் தண்ணி ஊத்திட்டு, லைட்டப் போட்டுட்டு இருந்தேன். கைக்கு ஒரு வேலை இருந்துது. இப்ப அவ கையப் புடிச்சாச்சு. அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சு போச்சு. இப்ப எதுக்கும்மா தண்ணி ஊத்தறது?"

"மேக்கனுக்கு டிக்கெட் எடுங்க சார்" என்றேன்.

இலையெல்லாம் உதிர்ந்தபின் எடுத்தார். இரண்டு வாரத்துக்கென்று சின்னப் பெட்டியோடு போனார். சாவியை டாலிவரிடம் கொடுத்திருந்தார். நவம்பர் கடைசியில் வரும் நன்றியறிதல் விருந்து நாள் போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று. ஆள் வரவில்லை.

பிப்ரவரியில் பெரும் பனி விழுந்தபோது என் மேஜையில் போன் அடித்தது.

"ரெனாட்டா? வார்டெல் பேசறேன். என் கூரை மேல பனி எவ்வளவு நிக்குது? டாலிவர்கிட்ட கேட்டா ஒழுங்கா பதில் சொல்ல மாட்டேங்கறான்."

"நேத்துதான் அந்தப் பக்கம் போனேன். கூரை நல்லாத்தான் இருக்கு. நடீன் உங்க வாசல்லயும் சேத்துப் பனி அள்ளியிருக்கா. எர்லீன் எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா. இங்க பசங்க என்னத் தூங்க விடறதில்ல. நம்ம ஊரு மாதிரி ரயில் சத்தம் இந்த வீட்ல கேக்கறதில்ல, அதனாலயும் தூக்கம் வரல." குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. காலையில எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம். அவ உப்பு எடுக்க எழுந்திரிச்சாக்கூட எனக்குத் திக்குங்குது. எங்கயோ வெளியூருக்குக் கிளம்பற மாதிரி. கையப் புடிச்சு உக்காத்தி வெச்சுடறேன். 'அப்ப உப்ப யாரு எடுப்பா, உங்கப்பனா?'ன்னு திட்டறா."

"நீங்க போய் எடுங்க சார்."

"எடுத்துட்டு வந்தேன். சக்கரைய எடுத்துட்டு வந்துட்டேன்."

அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அழுதது. ஒரு பெண்குரல், யாரிடம் இவ்வளவு நேரம் பேச்சு, முட்டை ஆறுகிறது என்று அதட்டியது.

"எப்ப சார் திரும்பி வர்றீங்க?" என்றேன்.

"அதான் தெரியல" என்றார் வார்டெல். "இருங்க, அவ கூப்பிடறா."

போனை வைக்காமலேயே எழுந்து போய்விட்டார். நான் காதில் வைத்தபடி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டுச் சத்தமும் நாற்காலி இழுபடுகிற சத்தமும் வந்தன. பிறகு வைத்தேன்.